குளிசைப் போத்தலை எங்கே வைப்பது?

தோட்டத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பரா. அதற்குள் அம்மா, அப்பா, அண்ணன் குடும்பம், தங்கச்சி. வீட்டில் பூட்டுள்ள அலுமாரி ஒன்று இருந்தாலும் சாவி அம்மாவின் முந்தானையில் இருக்கும். இந்த வீட்டில் ஓர் இளைஞன் தினமும் ஒரு குளிசை போட வேண்டும். அது என்ன குளிசை என்று யாரும் கேட்டுவிடவும் கூடாது. எச்.ஐ.வி. தொற்றாமல் முன்கூட்டியே தடுக்கும் ‘பிரெப்’ மருந்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அலாரம் வையுங்கள், பல் விளக்கும்போது போடுங்கள் என்று மறதிக்கே மருந்து சொல்கிறார்கள். ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மறதி சின்ன விஷயம். ஒளித்து வைக்க ஓர் இடம் வேண்டும்.

பிரெப் என்பது பெரும்பாலும் டெனோபோவிர், எம்ட்ரிசிட்டபின் ஆகிய இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒரே குளிசை. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், சிகிச்சை தொடங்காத எச்.ஐ.வி. தொற்றாளரின் துணை போன்று தொற்று அபாயம் கூடியவர்களுக்கு இதைக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015 இல் பரிந்துரைத்தது. இலங்கையில் அரசாங்கப் பாலியல் நோய்க் கிளினிக்குகள் வழியாக இது கிடைக்கிறது.

மருந்தின் பலம் வயிற்றுக்குள் போவதில்தான் இருக்கிறது. 2010 இல் வெளியான ‘ஐபிரெக்ஸ்’ என்ற பிரெப் ஆய்வில் ஆறு நாடுகளைச் சேர்ந்த 2,499 பேர் கலந்துகொண்டார்கள். தொற்று சராசரியாக 44 சதவீதம் குறைந்தது. ஒழுங்காகப் போடுகிறோம் என்றுதான் அநேகமாக எல்லோரும் சொன்னார்கள். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தபோது, மருந்து கொடுக்கப்பட்டுத் தொற்றாதிருந்தவர்களில் பாதிப் பேரிடம்தான் அது இருந்தது. இரத்தத்தில் மருந்து இருந்தவர்களுக்கு அபாயம் 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. பின்னர் போட்ட மதிப்பீட்டில் வாரம் இரண்டு குளிசைக்கு 76, நான்குக்கு 96, ஏழுக்கு 99 சதவீதப் பாதுகாப்பு என்று வந்தது. ஆகவே ஒரு நாள் தவறிவிட்டதென்று போத்தலையே தூக்கி எறியத் தேவையில்லை. நினைவு வந்ததும் ஒன்றைப் போடுங்கள். விட்டதற்காக மறுநாள் இரட்டிப்பாக்க வேண்டாம்.

அந்த ஆய்வில் ஏன் பொய் சொன்னார்கள் என்பது லயத்தில் வளர்ந்தவருக்கு விளக்காமலே புரியும். இதே மருந்துகள் எச்.ஐ.வி. சிகிச்சையிலும் சேர்கின்றன. போத்தலின் லேபலைத் தங்கச்சி போனில் தேடினால் ‘எயிட்ஸ்’ என்ற சொல் முதலில் வந்து நிற்கும். நோய் வராமலிருக்க மருந்து போடுகிறவன், ஒரே பின்னேரத்தில் முழு டிவிஷனுக்கும் நோயாளியாகிவிடுவான். அதற்குப் பயந்து போத்தலைக் கொழும்பு போர்டிங்கில் விட்டுவிட்டு வருகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

லேபலைக் கிழித்துவிட்டு எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றி வைப்பதும் சரிவராது. மஸ்கெலியா, நோர்வூட் மழையில் உப்பே கசியும். குளிசையும் ஈரம் இழுக்கும். ஒரு கிழமைக்கானதை மட்டும் இறுக்கமான மூடியுள்ள சிறு டப்பாவில் எடுத்து, குலுங்கிச் சத்தம் வராமல் கொஞ்சம் பஞ்சு வையுங்கள். மீதி பழைய போத்தலிலேயே, நம்பிக்கையான இடத்தில் இருக்கட்டும்.

அடுத்தது தூரம். தொடங்குமுன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். சிறுநீரகமும் ஹெபடைட்டிஸ் பி-யும் பார்ப்பார்கள். ஒரு மாதத்தில் திரும்ப வரச் சொல்லி, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பார்கள். ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா சுற்றி நுவரெலியா மாவட்ட வைத்தியசாலைக்குப் போய் வந்தால் அன்றைக்குப் பேர் விழாது. ஒரு நாள் சம்பளம் போய்விடும். அதற்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிட்டு நண்பனின் குளிசையைப் பங்குபோடுவது ஆபத்து. தெரியாமல் தொற்று வந்திருந்தால் இந்த இரண்டு மருந்தும் அதை அடக்கப் போதாது. வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்ளும், பின்னால் சிகிச்சை கடினமாகும். கொழும்பில் வேலை செய்பவர் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள மத்திய கிளினிக்கிலேயே பதிந்துகொள்ளலாம். சேவை இலவசம், வேறு வைத்தியரின் கடிதமும் தேவையில்லை.

தீபாவளிக்கு இரண்டு கிழமை வீட்டுக்கு வருகிறவர் முறையாக நிறுத்திவிட்டும் வரலாம். தொடங்கவும் நிறுத்தவும் ஆண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்பு இரண்டு குளிசை, பிறகு நாளுக்கு ஒன்று, கடைசி உறவுக்குப் பின் இன்னும் இரண்டு நாள். ஊசி மூலம் போதைப்பொருள் ஏற்றுபவர்களுக்கும் பெண் ஹார்மோன் எடுப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஹெபடைட்டிஸ் பி உள்ளவர் வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. சிபிலிஸ், கொனோரியா போன்றவற்றை இந்தக் குளிசை தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

வருடத்துக்கு இரண்டே தடவை ஊசியில் முடியும் பிரெப் மருந்தான லெனகாபவிரை 2025 யூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. லயத்து வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து எனக்குத் தெரியவில்லை.

சட்டமும் பயமுறுத்துகிறது. ஒருபால் உறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் வெள்ளைக்காரன் காலத்துச் சொத்து. 1995 திருத்தம் அதைத் தளர்த்தாமல் பெண்களையும் உள்ளே இழுத்தது. இவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொல்லியும் பாராளுமன்றம் அதை நிறைவேற்றவில்லை. ஆனாலும் கிளினிக்குக்குப் போவதோ பிரெப் போடுவதோ குற்றமில்லை. யாரோடு உறவு என்று வைத்தியரிடம் சொல்வது இரகசியமாகவே இருக்க வேண்டும். தமிழும் அரச கரும மொழி. புரியாமல் தலையாட்டாமல் தமிழில் விளக்கக் கேளுங்கள்.

அரசாங்க வைத்தியசாலையோ பொலிசோ பாகுபாடு காட்டினால் அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒரே மாதத்துக்குள் போக வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. தனியார் தோட்ட நிர்வாகம் பற்றிய புகாருக்கு இந்த வழி நேராகப் பொருந்தாது. அதற்குச் சட்ட உதவி ஆணைக்குழுவை முதலில் கேளுங்கள்.

பிரெப் போடாத காலத்தில் பாதுகாப்பற்ற உறவு நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, வைத்தியசாலைக்குப் போங்கள். 28 நாள் போடும் வேறொரு மருந்துத் தொகுப்பு இருக்கிறது. சனிக்கிழமை இரவு நடந்ததற்குத் திங்கட்கிழமை கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவு ஞாயிறும் திறந்திருக்கும்.