இரும்புச் சுமைதாங்கி

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவடியின் குடியிருப்புத் தெருக்களில் நடந்து செல்பவர் ஒரு காட்சியைக் காணாமல் வீடு திரும்புவது அரிது. வாசலில் ஒரு காரின் முன்புறம் உயர்ந்து நிற்கும். சக்கரம் ஒன்று கழற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீண்டிருக்க, பக்கத்தில் குந்தியிருக்கும் சிறுவன் கேட்கும்போதெல்லாம் ஒவ்வொரு ஸ்பானராக எடுத்து நீட்டிக்கொண்டிருப்பான். கனரக வாகனத் தொழிற்சாலை இங்கே நிறுவப்பெற்று, 1965-ஆம் ஆண்டில் முதல் 'விஜயந்தா' டாங்கி அதிலிருந்து வெளிவந்த காலம் தொட்டே, இரும்போடும் இயந்திரத்தோடும் பழகிய கைகள் நிறைந்த ஊர் இது. தம் வண்டியைத் தாமே பழுது பார்த்துக்கொள்ளும் ஆற்றல் இவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றில் பிதுரார்ஜிதம் போலத் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கி வந்திருக்கிறது. அந்த உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் அந்தக் கால்களைக் கண்ட மாத்திரத்தில், அந்த வண்டியைத் தாங்கி நிற்பது எது என்று என் கண் தானாகவே தேடுகிறது. ஒற்றை ஜாக்கியைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை என்று தெரியும்போது நெஞ்சு பதறுகிறது.

எங்கள் தெருவில் அந்தத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். இளைஞர் யாரேனும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைப்பதைக் கண்டால், போகிற வழியில் நின்றுவிடுவார். "தம்பி, தூக்குறது வேற, தாங்குறது வேற. ஜாக்கி தூக்கும், தாங்காது. முதல்ல வெளியே வாப்பா" என்பார். வண்டி வைத்திருக்கும் கிருகஸ்தர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய சாஸ்திரம் முழுவதும் அந்தச் சில சொற்களில் அடங்கியிருக்கிறது.

தூக்குவதற்கும் தாங்குவதற்கும் உள்ள வேற்றுமையை நம் முன்னோர் நன்றாக உணர்ந்திருந்தனர். பழைய பெருவழிகளின் ஓரத்தில் இரண்டு கற்களை நட்டு, அவற்றின் மேல் மூன்றாவது கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பதை இன்றும் சில ஊர்களில் காணலாம். தலைச்சுமையோடு வருபவன் பிறர் துணையின்றித் தன் பாரத்தை அதன்மேல் தள்ளி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடியும் தலைக்கு ஏற்றிக்கொண்டு பிரயாணத்தைத் தொடர்வதற்காக அமைந்த சுமைதாங்கி அது. சுமையைத் தூக்கி வந்தது மனிதனின் கழுத்து. அந்தக் கழுத்து களைக்கும், நடுங்கும், சாயும். கல்லோ களைப்பதில்லை. கடைகளில் 'ஜாக்கி ஸ்டாண்டு' என்று விற்கப்படும் சாதனம், அகன்று விரிந்த கால்களும், நடுவே ஏறி இறங்கும் தண்டும், அதன் தலையில் குழிந்த இருக்கையும் கொண்ட ஒரு சுமைதாங்கியே ஆகும்.

ஜாக்கி ஏன் தாங்காது என்பதை அதன் அமைப்பே கூறும். ஹைட்ராலிக் ஜாக்கியில் சிறிய உலக்கை ஒன்று எண்ணெயை அழுத்த, அந்த அழுத்தம் பெரிய உருளைக்குள் பரவி, ஒரு மனிதனின் கைவலிமையை டன் கணக்கில் பெருக்கித் தருகிறது. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட நியதி இது. ஆனால் தூக்கிய பின் அந்தப் பாரம் முழுவதும் நிற்பது ஒரு ரப்பர் வளையத்தையும், வால்வுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு குண்டு ஒன்றையும் ஆதாரமாகக் கொண்டுதான். வளையம் முதிர்ந்து கீறல் விட்டாலும், எண்ணெயில் கலந்த தூசி ஒன்று குண்டின் அடியில் சிக்கினாலும், எண்ணெய் கசிந்து வண்டி இறங்கத் தொடங்கும்; சில வேளை மெல்ல, சில வேளை ஒரே கணத்தில். காரோடு தரப்படும் திருகு ஜாக்கியில் எண்ணெய் இல்லை. ஆனால் அதன் பாதம் ஒரு கையகலமே. இறுகிய நட்டு ஒன்றைக் கழற்ற நாம் பக்கவாட்டில் இழுக்கும் வேகத்திலேயே அது சாய்ந்துவிடக்கூடும். வழியில் சக்கரம் மாற்றுவதற்கென்று செய்யப்பட்டதே தவிர, அதன் நிழலில் மனிதன் படுப்பதற்கென்று செய்யப்பட்டதன்று.

ஜாக்கியை நம்பாதவர்களிலும் சிலர், வீட்டு வேலையில் மிஞ்சிய செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி முட்டுக் கொடுப்பதைக் கண்டிருக்கிறேன். மாடி வீட்டையே தாங்கும் கல் ஒரு காரைத் தாங்காதா என்று அவர்கள் கேட்பார்கள். சுவரில் பாரம் கல்லின் முழுப் பரப்பிலும் சமமாகப் படர்கிறது. காரின் இரும்பு விளிம்போ ஒரு கோட்டில், ஒரு புள்ளியில் அழுத்துகிறது. அப்போது கல் விரிசலிட்டு எச்சரிப்பதற்குக் கூட அவகாசம் தராமல் நொறுங்கிவிடும். எஃகு அப்படியன்று, அளவு மீறிய பாரத்தில் முதலில் வளைந்து, தன் துன்பத்தைக் கண்ணுக்குக் காட்டும். அந்த ஒரு குணத்திற்காகவே கல்லை விட்டு எஃகை நாட வேண்டும்.

ஸ்டாண்டு வாங்கச் செல்பவர் முதலில் தம் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்க வேண்டும். சுமையற்ற நிலையில் வண்டியின் எடை அதில் குறிக்கப்பட்டிருக்கும். சிறிய கார் ஒன்று ஏறக்குறைய 700 முதல் 900 கிலோ வரை இருக்கும். இன்னோவா போன்ற பெரிய வண்டி 1,600 கிலோவைத் தாண்டும். எஞ்சின் முன்னால் இருப்பதால் எடையில் பாதிக்கு மேல் முன் சக்கரங்களின் மேல் விழுகிறது. சிறிய காரின் முன்புறத்தை இரண்டு ஸ்டாண்டுகளில் நிறுத்தினால் ஒவ்வொன்றின் பங்கு சுமார் 300 கிலோதான் என்று கணக்கு வரும். அதை வைத்து மலிவான, மெலிந்த ஸ்டாண்டே போதும் என்று எண்ணிவிடலாகாது. தரை சற்றே ஏறுமாறாக இருந்தால் பாரம் ஒன்றின்மேல் அதிகமாகச் சாயும். நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்தினால் எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு மட்டுமே பெரும்பாலான எடையைத் தாங்கி நிற்கும் நிலையும் உண்டு. ஸ்பானரை முழு பலத்தோடு இழுக்கும்போது வண்டியே அசையும். ஆகையால் சிறிய காருக்கும் 2 அல்லது 3 டன் ஸ்டாண்டுகளை இணையாக வாங்குவது விவேகம். அதில் பொறித்துள்ள எடை ஒரு ஸ்டாண்டுக்கு உரியதா, இரண்டுக்கும் சேர்த்தா என்பதைக் கேட்டுத் தெளிய வேண்டும். உற்பத்தியாளர்கள் இரு விதமாகவும் குறிப்பதுண்டு. எடையே பொறிக்கப்படாத ஸ்டாண்டு எவ்வளவு அழகாகச் சாயம் பூசப்பட்டிருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது பூட்டு. பற்களில் கொக்கி விழுந்து நிற்கும் ராட்செட் வகை ஒன்று. துளைகளின் ஊடே கனத்த எஃகுப் பின்னைச் செருகி நிறுத்தும் வகை மற்றொன்று. முன்னதில் உயரத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. பின்னதில் நழுவுவதற்குப் பல்லே கிடையாது. பல் நழுவினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவில் கருவிகள் விற்கும் ஹார்பர் ஃபிரைட் நிறுவனம் தன்னுடைய 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளில் 4,54,000-ஐத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றைச் செய்த உற்பத்திக் கருவிகள் தேய்ந்து போனமையால் பல்லும் கொக்கியும் சரிவரப் பொருந்தாமல், பாரம் ஏறிய நிலையில் வண்டி அசைந்தால் தண்டு திடீரென்று இறங்கிவிடும் அபாயம் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில், பதிலாகக் கொடுக்கப்பட்ட ஸ்டாண்டுகள் சிலவற்றிலும் பற்றவைப்பில் குறை கண்டு, அவற்றையும் திரும்பப் பெற நேர்ந்தது. பொறித்த எண்ணும் பெரிய கடையின் பெயரும் மட்டும் போதா என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். தண்டை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு நிலையிலும் கொக்கி பல்லின் அடிவரை விழுகிறதா என்று நம் கண்ணாலேயே பார்க்க வேண்டும். ராட்செட்டோடு காவலாக ஒரு பின்னும் சேர்ந்த வகை கிடைத்தால் சிறிது கூடுதல் விலைக்குத் தயங்கலாகாது. அந்தப் பின் தொலைந்துபோனால் கையில் கிடைத்த போல்ட்டையோ கட்டடக் கம்பியையோ செருகுவது ஒருபோதும் தகாது.

பற்றவைப்பைப் பற்றி நம் பக்கத்து மக்களுக்குத் தனியே ஒன்று சொல்ல வேண்டும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையைச் சுற்றிலும் லேத் பட்டறைகளும் வெல்டிங் பட்டறைகளும் நிறைந்திருப்பதால், பழைய குழாயையும் ஆங்கிளையும் கொடுத்து ஸ்டாண்டு செய்துகொள்ளலாமே என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. நம் தொழிலாளரின் திறமையில் எனக்குச் சிறிதும் சந்தேகமில்லை. ஆனால் பற்றவைப்பின் பலம் அது உலோகத்துக்குள் எவ்வளவு ஆழம் ஊடுருவியிருக்கிறது என்பதில் இருக்கிறது. மேலே தெரியும் வரி நேர்த்தியாக இருந்தும் உள்ளே பிடிப்பு இல்லாமற்போகலாம். பாரம் ஏற்றிச் சோதிக்கப்படாத ஸ்டாண்டின் அடியில் படுப்பவர், தம் உடலையே அந்தச் சோதனைக்குக் கொடுக்கிறார்.

தலையிலுள்ள இருக்கை, வண்டியின் கையேட்டில் குறித்துள்ள தாங்குமிடத்தோடு பொருந்த வேண்டும். இக்காலக் கார்களில் பக்கத்து ஓரத் தகட்டின் விளிம்பே பெரும்பாலும் அவ்விடமாக இருப்பதால், அந்த விளிம்பு அமர்வதற்குப் பள்ளம் கொண்ட ரப்பர் திண்டு ஒன்றை இருக்கையின்மேல் வைத்தால் இரும்பின்மேல் இரும்பு வழுக்குவது தவிர்க்கப்படும். கால்கள் நன்கு அகன்றிருக்க வேண்டும். உயரம் ஏற ஏறச் சாயும் தன்மையும் ஏறுவதால், வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் ஓர் அங்குலமும் உயர்த்தலாகாது.

எத்தனை நல்ல ஸ்டாண்டாயினும், அதைத் தாங்குவது பூமி. கத்திரி வெயிலில் இளகிய தார்ச்சாலையில் அதன் கால்கள் மெல்ல மெல்லப் புதையும். கார்த்திகை மழையில் ஊறிய மண்ணில் ஒரு பக்கமாக இறங்கும். தாரின்மேல் வைக்க நேர்ந்தால் அடியில் அகன்ற எஃகுத் தகடு இருக்க வேண்டும். மண் தரையில் இந்த வேலையே வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியிலேயே தண்ணீர் சம்ப் அமைந்திருப்பதுண்டு. அதன் மூடி எங்கே இருக்கிறது என்று அறியாமல் ஸ்டாண்டை ஊன்றுவது பள்ளத்தின் வாயில் வண்டியை நிறுத்துவதற்குச் சமானம்.

செய்முறையிலும் அவசரம் ஆகாது. தேரோட்டத்தில் வடம் பிடிப்போர் ஆயிரவர் இருந்தும், தேர் நிற்பதும் திரும்புவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சிலர் கையில் இருப்பதைப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோலத் தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இரு புறமும் முட்டுக்கட்டை கொடுப்பதே முதல் வேலை. பெரும்பாலான கார்களில் ஹேண்ட்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும்; பின்புறத்தைத் தூக்கியதும் அந்தப் பிடி அற்றுப்போவதால் கட்டையின் அவசியம் இன்னும் மிகுகிறது. கியரில் நிறுத்தி, சாவியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டை உரிய இடத்தில் நிறுத்தி, வண்டி அதன்மேல் முழுவதும் அமரும்வரை ஜாக்கியை மெல்ல இறக்க வேண்டும். பிறகு, உடம்பின் எந்தப் பகுதியும் அடியில் இல்லாத நிலையில், வண்டியை இரு கைகளாலும் பலமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். விழுவதானால் அப்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்தடியில் கிடத்தி வைத்தால், எல்லாம் தவறிய வேளையிலும் ஓர் உயிர் தங்குவதற்கான இடைவெளியை அது காக்கும். தனியாக இருக்கையில் அடியில் புகலாகாது.

சுமைதாங்கிக் கற்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவற்றில் பல, பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன கர்ப்பிணிகளின் நினைவாக, அவர்களுடைய வீட்டார் நட்டவை. இறக்கி வைக்க முடியாமற்போன அந்தச் சுமைக்குப் பிராயச்சித்தமாக, வழிப்போக்கர் எல்லோருக்கும் சுமை இறக்க ஓர் இடம் கொடுத்தார்கள். இழப்புக்குப் பின் நட்ட கல் அது; இழப்புக்கு முன்பே நாம் வாங்கி வைக்கக்கூடியது இந்த இரும்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வந்து உட்காரும் சிறுவன், தந்தை அடியில் புகுவதற்கு முன் எழுந்து நின்று இரு கைகளாலும் வண்டியைத் தள்ளிப் பார்ப்பதைக் காணட்டும். தனக்கென்று ஒரு வண்டி வாய்க்கும் நாளில் அவனும் அப்படியே தள்ளிப் பார்ப்பான்.