உரோமையில் ஒரு ரசீது

உரோமையில் படித்துத் திரும்பிய குருவைக் கண்டால் நம் மக்கள் முதலில் கேட்பது, "சாமி, பாப்பரசரைக் கிட்டத்தில் பார்த்தீர்களா?" என்பதே. பார்த்தேன். ஆயினும் அந்நகர வாழ்வை நினைக்குந்தோறும் என் கண்முன் முதலில் வந்து நிற்பது புனித இராயப்பர் பேராலயம் அன்று. ஒரு தபால் நிலையமும், அங்கே எண் சீட்டுடன் காத்திருந்த மக்களுமே.

2007-ஆம் ஆண்டு அக்டோபரில், திருச்சபைச் சட்டம் பயில்வதற்காக அங்குச் சென்றேன். நெடுநாள் தங்க வரும் அந்நியர், வந்திறங்கிய எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதி கோரி மனுச் செய்ய வேண்டும் என்பது இத்தாலியச் சட்டம். முன்பு இதற்காகக் காவல்துறை அலுவலகத்தின் வாயிலில் விடியுமுன்னரே வரிசை நிற்பார்களாம். 2006 டிசம்பர் முதல் தபால் நிலையங்களிலேயே மனுவைக் கொடுக்கும் முறை வந்தது. நமக்கு எளிதாயிற்று என்று மகிழ்ந்தேன்.

மனுவோடு 14 யூரோ 62 சென்ட் மதிப்புள்ள முத்திரை வில்லை வைக்க வேண்டும். இந்நாளில் அது 16 யூரோ. அது எங்கே கிடைக்கும் என்கிறீர்கள்? புகையிலைக் கடையில்! உப்பும் புகையிலையும் அரசாங்கத்தின் தனியுரிமையாய் இருந்த நாட்களில், உரிமம் பெற்ற இக்கடைகளே அவற்றை விற்றன. முத்திரை வில்லையும் பேருந்துச் சீட்டும் இன்றளவும் அங்கே வாங்கலாம். உப்பின் தனியுரிமை 1970-களிலேயே நீங்கிவிட்டது. எனினும் 'உப்பும் புகையிலையும்' என்ற பழைய பலகையைச் சில கடைவாசல்களில் இன்னும் காணலாம். அங்கி தரித்த குருவானவர் புகையிலைக் கடைக்குள் நுழைவதை நம் ஊரார் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ!

தபால் நிலையத்தில் ஓர் இயந்திரம் எண் சீட்டுக் கொடுக்கும். பணம் கட்டுவதற்கு ஓர் எழுத்து, கடிதத்துக்கு மற்றோர் எழுத்து என ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வோர் எழுத்து. ஒன்றரை மணி நேரம் காத்திருந்து சன்னலை அடைந்தபோது, என் சீட்டின் எழுத்து வேறு என்று திருப்பியனுப்பினார்கள். மறுநாள் சரியான எழுத்துடன் சென்றேன். கடவுச்சீட்டின் ஏடுகள் அனைத்துக்கும் நகல் வேண்டுமாம். நானோ முதல் ஏட்டுக்கு மட்டுமே எடுத்திருந்தேன். சன்னலுக்கு அப்பால் இருந்தவர் முகத்தை நிமிர்த்தாமலே "தொமானி" என்றார். நாளை என்று பொருள். குருமடத்தில் ஆண்டுக்கணக்காக இலத்தீன் கற்ற எனக்கு, அவருக்கு மறுமொழியாகச் சொல்ல ஒரு வாக்கியம் கிட்டவில்லை. கோபமும் வெட்கமும் ஒருங்கே எழுந்தன.

மூன்றாம் நாள் எனக்கு உதவியவர் ஒரு பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்மணி. வீடுகளில் பணி செய்பவர். என் தாள்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்து அடுக்கிக் கொடுத்தார். அவரும் அங்கு வருவது மூன்றாம் முறையாம். ஒவ்வொரு முறையும் அரைநாள் கூலி போயிற்று என்றார். எனக்குப் போனதோ ஒரு வகுப்பு மட்டுமே.

அவர் அதைச் சொன்னபோது, நான் உதவிப் பங்குக் குருவாய் இருந்த ஊரில் ஓர் உப்பளத் தொழிலாளி என் நினைவுக்கு வந்தார். மகளின் திருமணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வந்தவரை, எழுத்தர் இல்லை, நாளை வாரும் என்று இருமுறை அனுப்பியிருக்கிறேன். பதிவேடு என் முதுகுக்குப் பின்னிருந்த அலமாரியில்தான் இருந்தது. அதை எடுத்து எழுதிக் கொடுக்கக் கால்மணி நேரம் ஆகியிருக்காது. மூன்றாம் முறை வந்தபோதும் அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கைகட்டித்தான் நின்றார்.

முத்திரை வில்லை போக, தபால் நிலையத்தில் 30 யூரோவும் அனுமதி அட்டைக்கு 27 யூரோ 50 சென்டும் கட்டி ஒரு ரசீது பெற்றேன். அட்டை வரும்வரை அந்த ரசீதே என் அடையாளம்.

2008 சனவரியில் தாயாருக்கு உடல்நலம் மோசம் என்று தொலைபேசி வந்தது. பிராங்க்பர்ட் வழியாகச் சென்னை செல்ல உடனே பயணச்சீட்டு எடுத்துவிட்டேன். பிறகுதான் விடுதியில் ஒரு மூத்த குரு விளக்கினார்: ரசீதைக் கொண்டு இத்தாலியிலிருந்து தாய்நாடு சென்று திரும்பலாம், ஆனால் ஜெர்மனி போன்ற பிற ஷெங்கன் நாடுகளின் வழியாகச் செல்லலாகாது. பயணச்சீட்டை மாற்றித் தரும் அலுவலகத்திலும் எண் சீட்டுத்தான். அன்று எனக்குக் கிடைத்த எண் 71, அழைத்துக்கொண்டிருந்ததோ 38. துபாய் வழியாக இடம் கிடைக்க இரண்டு நாட்கள் ஆயின. அவ்விரு இரவுகளும் செபமாலையைக் கையில் பிடித்திருந்தேன். எத்தனை மணி உருட்டினேன் என்று சொல்ல இயலாது.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. நினைவு மட்டும் இருந்தது. நோயில்பூசுதலை என் கையால் பெற்றார்கள். என் விரலைப் பற்றினார்கள். முந்தின நாள் காலைவரை நன்றாகப் பேசினார்களாம், தம்பி சொன்னான்.

அடக்கச் சடங்குகள் முடித்து, அதே ரசீதுடன் உரோமைக்குத் திரும்பினேன். கைரேகை கொடுக்க அழைத்தார்கள்; மீண்டும் காத்திருக்கச் சொன்னார்கள். அட்டை என் கைக்கு வந்தது செப்டம்பரில். அது காலாவதியாக எஞ்சியிருந்தவை ஐந்து வாரங்கள்.

அன்று மாலையே புகையிலைக் கடைக்குச் சென்றேன். நான் வாய் திறக்குமுன்னே கடைக்காரர் இழுப்பறையைத் திறந்து, முத்திரை வில்லை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.