அப்பாவுக்கு ஏன் கால் எரிகிறது?

அப்பாவின் கால் எரிவுக்கு எங்கள் ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பக்கத்து வளவு மாமா, "உள்ளுக்கை கிடக்கிற செல் துண்டுதான், வேறென்ன" என்றார். பரியாரியார் வாதம் என்று எண்ணெய் காய்ச்சித் தந்தார். மருந்துக்கடையில் நரம்புக்குச் சத்து என்று சிவப்புக் குளிசை தந்தார்கள். காசு கட்டிக் காட்டிய ஒரு வைத்தியர் கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு, "சீனி இருக்கு, வயசும் எழுபது தாண்டிட்டுது, இப்பிடித்தான் இருக்கும்" என்று முடித்துவிட்டார். அம்மாவுக்கோ, 2009 இல் போரின் முடிவில் கடலேரிச் சேற்றுக்குள்ளால் நடந்த நடையின் மிச்சம்தான் இது என்று எண்ணம்.

வன்னியில் அப்பாவின் வயதுக்காரர் ஒருவருக்கு வருத்தம் வந்தால் காரணத்துக்குப் பஞ்சமில்லை. போர் இருக்கிறது, சீனி இருக்கிறது, பூச்சிமருந்து இருக்கிறது, வயது இருக்கிறது. எதைச் சொன்னாலும் பொருந்தும். பொருந்தியதும் தேடுவது நின்றுவிடும். எங்கள் வீட்டிலும் கொஞ்சக் காலம் அப்படித்தான் நின்றிருந்தது.

அப்பா முரசுமோட்டையில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர். பகலில் வாய்க்காலுக்குள் நிற்கும்போது கால் அவ்வளவு கரைச்சல் தராது. இரவு சரிந்தால் தொடங்கும். போர்வை பட்டாலே தாங்கமாட்டார். "மிளகாய் அரைச்ச கை மாதிரி எரியுது பிள்ளை" என்பார். தொட்டுப் பார்த்தால் சூடில்லை, சிவப்பில்லை, வீக்கமில்லை. பார்க்க ஒன்றும் இல்லாத நோவை இன்னொருவருக்கு நம்பவைப்பது அந்த நோவை விடப் பெரிய பாடு. பனடோல் போட்டும் பார்த்தார், கேட்கவில்லை. நரம்பிலிருந்தே பிறக்கிற நோவை வழமையான நோக் குளிசைகள் பெரும்பாலும் தொடுவதில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

கிளினிக்கில் புதிதாக வந்த ஒரு வைத்தியர்தான் முதல் தடவையாக, "செருப்பைக் கழட்டுங்கோ ஐயா, எங்கை எரியுது எண்டு விரலாலை காட்டுங்கோ" என்று கேட்டார். அப்பா இரண்டு உள்ளங்கால்களையும் தடவிக் காட்டினார். பிறகு, யாரும் கேட்காமலே, இடது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் விரலை வைத்துப் புறங்கால் வரை ஒரு கோடு இழுத்தார். "இது வேறை டொக்டர். இது எரியிறேல்லை. சுள்ளெண்டு ஓடும், விட்டிடும், திரும்ப ஓடும்." அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வீட்டில் அவர் எல்லாவற்றையும் கால் எரிவு என்றுதான் சொல்லியிருந்தார். எங்களுக்கு ஒன்றாகத் தெரிந்தது உண்மையில் இரண்டு நோய்.

வீட்டுக்கு வந்ததும் மகளின் வரைதல் கொப்பியில் அப்பாவின் பாதங்களை வைத்துச் சுற்றி வரைந்தேன். எரியும் இடத்துக்குச் சிவப்புப் பென்சில், சுள்ளிடும் இடத்துக்கு நீலம், விறைத்துக் கிடக்கும் இடத்துக்குக் கறுப்பு. எந்த நேரத்தில் கூடும், எதனால் குறையும் என்று அவர் சொன்ன சொல்லிலேயே ஓரத்தில் எழுதினேன். தாய் தகப்பனுக்கு இப்படி ஒரு நோவு இருக்கிறவர்கள் வேறொன்றும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். கிளினிக்கில் ஓர் ஆளுக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்த நிமிடங்களில் நாலு பைல் சொல்லாததை அந்த ஒற்றைத் தாள் சொன்னது.

அந்தத் தாளை வைத்து வைத்தியர் விளக்கியது இதுதான். முள்ளந்தண்டிலிருந்து கால்விரல் வரை போகிற நரம்பிழைகள்தான் உடலிலேயே மிக நீளமானவை, ஏறக்குறைய ஒரு மீற்றர். இரத்தத்தில் சீனி கூடினாலோ, ஒரு விற்றமின் குறைந்தாலோ, நஞ்சு சேர்ந்தாலோ, நீளமான இழைகளின் கடைசி நுனிதான் முதலில் வாடும். அதனால்தான் இரண்டு பாதத்திலும் ஒரே மாதிரி, விரலில் தொடங்கி மேலே ஏறும். முழங்கால் மட்டத்துக்கு வரும் காலத்தில் கைவிரல் நுனிகளும் விறைக்கத் தொடங்கும். இப்படி இரு பக்கமும் சமமாக வந்தால் காரணத்தை இரத்தத்தில் தேட வேண்டும். ஒரு காலில் மட்டும், ஒரு கோட்டில் மட்டும் என்றால் அந்தக் கோட்டில் ஓடும் நரம்பு எங்கோ நசிந்திருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. முதுகில் நசியலாம், முழங்காலடியில் நசியலாம். அப்பாவின் நீலக் கோடு முழங்காலின் வெளிப்பக்கம் சுற்றி வரும் நரம்பின் பாதையிலேயே கிடந்தது. செல் துண்டு இருப்பதும் அங்கேதான்.

ஆகவே மாமா சொன்னதும் சரி. ஆனால் நீலத்துக்கு மட்டும்.

துப்பாக்கிச் சூடுபட்ட காயத்துக்குப் பின் நரம்பு எரிவதை விரிவாக எழுதிவைத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் சைலஸ் வியர் மிச்சல். அங்கே உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் பிலடெல்பியாவில் நரம்புக் காயக்காரருக்கென்றே இருந்த மருத்துவமனையில் வேலை செய்தார். 1864 இல் அவரும் இரண்டு சக மருத்துவர்களும் சேர்ந்து அதை நூலாக்கினார்கள். காயம் ஆறிய பிறகும் எரிவு போகாமல், ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்த போர்வீரர்கள் அதில் வருகிறார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. எங்கள் ஊர்களில் உடம்புக்குள் உலோகத் துண்டோடு வாழ்கிற ஆட்களின் நோவை அந்தக் கவனத்தோடு எழுதிவைத்தவர் எத்தனை பேர் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

துண்டு இருக்கிறவர்களுக்கு இன்னொரு முக்கியமான விடயம். முதுகை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாமா என்ற பேச்சு வந்தபோது, முதலில் எக்ஸ்றே எடுத்து உடம்பில் எங்கெங்கே உலோகம் என்று பார்த்தார்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம். இரும்பு கலந்த துண்டு உள்ளே அசையலாம், சூடேறலாம். கண்ணுக்குப் பக்கத்திலோ முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ இருந்தால் பெரிய ஆபத்து. 2009 இல் காயப்பட்டுப் பிறகு மனிக் பாம் முகாமில் இருந்த எங்கள் ஆட்களில் பலரிடம் அந்தக் காலத்து மருத்துவக் குறிப்பு எதுவுமே இல்லை. அதனால் கேட்காவிட்டாலும் உடம்பில் துண்டு இருப்பதை நாங்களாகவே சொல்ல வேண்டும். அப்பாவின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் இப்போது அதைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம்.

இனிச் சிவப்புப் பென்சில், அதாவது இரண்டு உள்ளங்காலின் எரிவு.

சீனிதான் என்று சொல்லி முடித்திருக்கலாம். உலகம் முழுக்க இதற்கு முதற்காரணம் அதுதான். ஆனால் அந்த வைத்தியர் அங்கே நிற்கவில்லை. என்ன சாப்பிடுவார், குடிப்பாரா, வயலுக்கு என்ன மருந்து அடித்தார், சயரோகத்துக்கு மருந்து எடுத்தவரா என்று கேட்டுக்கொண்டே போனார். சயரோக மருந்தான ஐசோநியாசிட் விற்றமின் பி6 ஐக் குறைத்து நரம்பைக் கெடுக்கும். இப்படித் துருவிக் கேட்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு எங்கள் நாட்டிலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு. 1977, 78 ஆம் ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட இளம் பெண்பிள்ளைகளுக்கு நரம்பு பாதிக்கப்பட்டுக் கைகால் தளர்ந்தது. நிமால் சேனாநாயக்க, ஜெயரத்தினம் என்ற இரண்டு மருத்துவர்கள் காரணத்தைத் தேடிப் போனார்கள். பெரியபிள்ளையான காலத்தில் சத்துக்கென்று கொடுக்கிற நல்லெண்ணெயில் போய் நின்றது தேடல். அந்த எண்ணெயில் றைகிறீசைல் பொஸ்பேற் என்ற இரசாயனம் கலந்திருந்தது. முன்பு கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலனில் நல்லெண்ணெயை ஏற்றியதால் வந்த வினையாக இருக்கலாம் என்று 1981 இல் லான்செற் இதழில் எழுதினார்கள். சமைஞ்ச பிள்ளைக்கு முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்து வளர்த்த எங்கள் அம்மாமாருக்கு இதைக் கேட்டால் வயிறு கலங்கும். அந்த இரசாயனமும் வயலுக்கு அடித்துவந்த பூச்சிமருந்துகள் சிலவும் ஒரே ஒகனோபொஸ்பரஸ் வகையைச் சேர்ந்தவை. அப்பாவிடம் போத்தல்களின் பெயர் கேட்டது அதற்காகத்தான்.

சாப்பாட்டுக் குறைவால் கால் எரிவதும் பழைய கதை. 1826 இலேயே கிறியர்சன் என்ற மருத்துவர் இந்தியாவில் கண்ட பாத எரிவைப் பற்றி எழுதினார். 1946 இல் அதைத் திரும்ப ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். போதிய சத்தில்லாமல் வாழ்ந்த ஏழைகளிடம் இந்த எரிவைக் கண்டு, பி வகை விற்றமின்களில் ஒன்றான பன்ரோதெனிக் அமிலத்தை ஊசியாகப் போட்டு எரிவு தணிவதைக் காட்டினார். மருத்துவ நூல்களில் இந்த நோய்க்கு கிறியர்சன், கோபாலன் இருவரின் பெயரும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் சிறைமுகாம்களில் கிடந்தவர்களும் இதே எரிவால் இரவிரவாக நடந்து திரிந்தார்கள்.

அப்பாவுக்குக் குறைந்திருந்தது பி12. அது மீன், இறைச்சி, முட்டை, பாலில் இருக்கிறது, மரக்கறியில் இல்லை. அப்பா சைவச் சாப்பாட்டுக்காரர், பாலும் தேத்தண்ணிக்கு விடுகிற அளவுதான். அதோடு பத்து வருடத்துக்கு மேலாகச் சீனிக்கு மெற்போமின் குளிசை எடுக்கிறார். அந்தக் குளிசை குடல் பி12 ஐ உறிஞ்சுவதைக் குறைக்கும். பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2022 இல், இது அரிதான பக்கவிளைவு அல்ல, அறிகுறி உள்ளவர்களுக்கு இரத்தத்தில் பார்க்க வேண்டும் என்று அறிவித்தது. சீனியும் பி12 குறைவும் ஒரே மாதிரித்தான் காலை எரிக்கும். சீனி இருப்பது தெரிந்துவிட்டதால் மற்றதை யாரும் தேடவில்லை. அந்த இரத்தப் பரிசோதனையை வெளியே காசு கொடுத்துச் செய்தோம். மெற்போமினை நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஊசியாக பி12 போடுகிறார்கள்.

மருந்துக்கடைச் சிவப்புக் குளிசையை மட்டும் உடனே நிறுத்தச் சொன்னார்கள். நரம்புச் சத்து என்று விற்கும் சில குளிசைகளில் பி6 மிகக் கூடுதலாக இருக்கும். பி6 அளவுக்கு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுத்துக் காலை எரிக்கும். 1983 இலிருந்தே மருத்துவ உலகம் அறிந்த விடயம் இது.

நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கு வெளி மாவட்டத்துக்குப் போனோம். இடது காலின் நரம்புக் காயம் அதில் தெளிவாக வந்தது. உள்ளங்கால் எரிவுக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. "அப்ப நான் பொய்யே சொன்னனான்?" என்று அப்பா வாகனத்துக்குள் வாடிப்போய் இருந்தார். பொய் இல்லை. அந்தப் பரிசோதனை தடித்த, வேகமான இழைகளைத்தான் அளக்கும். எரிவையும் சூட்டையும் கொண்டுபோவது மெல்லிய இழைகள், அவை அதில் அகப்படாது. அறிக்கை நன்றாக இருக்கிறது என்பதற்காக நோவு இல்லை என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பரிசோதனை இருக்கிறது. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவமனையில் உருவானது. கால் எரிகிறவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை உங்கள் சுட்டுவிரலால் ஓரிரு செக்கன் மெதுவாகத் தொடுங்கள். அமத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் கால் உணர்ச்சி குறைந்துவிட்டது. அப்பாவுக்கு மூன்று தெரியவில்லை. எரிகிற காலே விறைத்தும் இருக்கும், அதுதான் இதில் பெரிய ஆபத்து. வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு வெயில் தாருக்கு மேலால் வெறுங்காலோடு நடக்கிறவர்கள், கொதிதண்ணீர் ஒத்தடம் பிடிக்கிறவர்கள், பொக்களம் வந்த பிறகுதான் அறிவார்கள். சீனிக்காரருக்கு அந்தப் புண் காலையே எடுக்கவைக்கும். நேர்த்திக்கடன் உள்ளவர்கள் கோவில் வாசல் வரையாவது செருப்போடு போங்கள். தோலில் உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருந்தால் அதையும் காட்டுங்கள். தொழுநோயும் நரம்பைத்தான் தின்னும், அதற்கு இலவசமாக முழுச் சிகிச்சை உண்டு. கால் பலம் சில நாட்களுக்குள் குறைந்துகொண்டு போனால், சலம் போக முடியாமலோ அடக்க முடியாமலோ போனால், கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

எரிவுக்குத் தந்த மருந்து இன்னொரு சண்டையைக் கிளப்பியது. அமிற்றிப்ரிலின், இரவில் சின்ன அளவு. மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்து என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "எனக்கென்ன விசரோ?" என்று அப்பா பெட்டியைத் தள்ளிவிட்டார். இவ்வளவையும் கண்டு வந்த மனிதருக்கு அந்தக் கோபம் வருவது எனக்கு விளங்குகிறது. அதே மருந்து குறைந்த அளவில், முள்ளந்தண்டில் நோவுச் செய்தி ஏறுவதைத் தணிக்கும் என்று வைத்தியர் பொறுமையாக இருந்து சொன்ன பிறகே எடுத்தார். வாய் காயும், காலையில் தலை பாரமாக இருக்கும், இரவில் எழும்பும்போது தடுமாறலாம். சலம் போகக் கஷ்டம், கண் அழுத்தம், இருதய வருத்தம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இப்போது உள்ளங்கால் எரிவு பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. நீலக் கோடு அப்படியே இருக்கிறது. துண்டை எடுக்கப்போனால் நரம்பு இன்னும் கெடலாம் என்பதால் அதை விட்டுவைத்திருக்கிறார்கள். அதற்குக் கபாபென்ரின் தொடங்கலாமா என்று பேச்சு நடக்கிறது. அது சிறுநீரகத்தால் வெளியேறும் மருந்து. காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் உள்ள எங்கள் பகுதியில் சிறுநீரகத்தைப் பார்க்காமல் தொடங்கக்கூடாது. அடுத்த கிளினிக்குக்கு எழுதிவைத்திருக்கிறேன்: கிரியேற்றினின் எவ்வளவு, பி12 ஐத் திரும்ப எப்போது பார்ப்பது, அம்மாவும் மெற்போமின்தான் எடுக்கிறா, அவவுக்கும் பார்க்கலாமா.