திங்கள் கோளோ, துணைக்கோளோ?

திருக்கோயிலை வலம்வந்து ஈசானிய மூலையில் நவக்கிரகங்களை வணங்குகின்றோம். ஞாயிறும் திங்களும் அவ்வொன்பதனுள் நிற்கின்றன. உடன்வரும் பள்ளிப் பிள்ளையோ, "ஞாயிறு விண்மீன், திங்கள் துணைக்கோள் என்றல்லவா பாடத்தில் உள்ளது? இவை கோள்களாதல் எங்ஙனம்?" என்று வினவுகின்றான். அவ்வினாவை அதட்டி அடக்குதல் தகாது, விடை உண்டு.

கிரகம் என்னும் வடசொல்லும் கோள் என்னும் தமிழ்ச்சொல்லும் பற்றிக்கொள்ளுதல் என்னும் பொருளினின்று பிறந்தவை. மண்மீது நின்று வானை நோக்கிய முன்னோர், விண்மீன்களினூடே இடம்பெயர்ந்து செல்வனவற்றைக் கோள் என வகுத்தனர். அவ்வாறு கண்ணுக்குப் புலனாவன ஏழு. எஞ்சிய இராகு கேதுக்கள், திங்களின் பாதையும் ஞாயிற்றின் தோற்றப் பாதையும் குறுக்கிடும் இரு புள்ளிகளேயாம். அவற்றின் அருகன்றிக் கிரகணம் நிகழாது. உருவின்மையாற் சாயாக்கிரகம் எனப்பட்டன. புவியை இவ்வரிசையில் எண்ணாமையும் இதனாலேயே. அதன்மேல் நிற்போன் அது வானிற் பெயரக் காணான்.

இக்கால வானியல் கேட்பது வேறொரு கேள்வி. ஒன்று எதனைச் சுற்றுகின்றது? ஞாயிற்றைச் சுற்றுவது கோள். அக்கோளைச் சுற்றுவது துணைக்கோள். திங்கள் சராசரி 3,84,400 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ இருபத்தேழேகால் நாளில் புவியை ஒருமுறை சுற்றுதலின் துணைக்கோளாயிற்று.

சிறிதாயிருத்தலாற் போலும் என்று கருதற்க. வியாழனைச் சுற்றும் கனிமீடு 5,268 கிலோமீட்டர் குறுக்களவினது. புதனோ 4,880 கிலோமீட்டரே. ஆயினும் புதன் கோள், கனிமீடு துணைக்கோள். இக்கனிமீடு உள்ளிட்ட நான்கினைக் கலிலியோ 1610-ஆம் ஆண்டு தொலைநோக்கியாற் கண்டபோதுதான், புவியையன்றிப் பிறிதொன்றையும் சுற்றுவன உண்டென்பது கண்கூடாயிற்று.

இனி, ஞாயிற்றைச் சுற்றுவன யாவும் கோளும் அல்ல. தன் ஈர்ப்பால் உருண்டை வடிவு பெற்றிருத்தலும், தன் பாதையிற் பிற பொருள்கள் மலிந்திராமையும் வேண்டும் என 2006-இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் வரையறுத்தது. புளூட்டோ பட்டியலினின்று நீங்கியது அவ்வாண்டே, கோள்கள் எட்டாயின.

நவக்கிரகங்களின் நடுவே ஞாயிறு நிற்றலைக் கண்டு, முன்னோர் இவ்வமைப்பை அன்றே அறிந்தனர் என மேடைகளிற் பேசுவாருளர். அது மிகையுரை. சூரிய சித்தாந்தம் புவியையே நடுவாகக் கொண்டு கணிக்கின்றது. அங்ஙனம் கணித்தும் கிரகண நாளை முன்னறிந்து கூறினர் என்பதே வியத்தற்குரியது.