கணினிக்குப் பணம் யாருடையது? கணக்கைப் பார்ப்பது யார்?

தெலுக் பங்லிமா காராங், கேரித்தீவு, பந்திங் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழும் நமக்கு, அரசாங்க அலுவலகம் என்றால் ஒரு காலத்தில் மேசையும் அதன் பின்னே அமர்ந்திருக்கும் அதிகாரியும்தான். இன்று அந்த மேசையின் இடத்தில் கணினி வந்துவிட்டது. சிலாங்கூர் மாநில அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய பிங்காஸ் உதவித் திட்டத்தைப் பாருங்கள். வசதி குறைந்த குடும்பத்துக்கு மாதம் 300 வெள்ளி. மனு செய்வது இணையத்தில். பணம் வந்து சேர்வது கைத்தொலைபேசியின் மின்பணப்பையில். கணினி நின்றால் நம் வீட்டு அடுப்பும் நிற்கும். ஆகவே, இந்தக் கணினிச் சேவைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அதைக் கண்காணிப்பது யார் என்று நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் பணம். நிலமும் காடும் சுரங்கமும் மாநிலத்தின் முக்கிய வருமானங்கள். நாம் செலுத்தும் நிலவரியும் இதில் அடங்கும். மக்கள் தொகைக்காகவும் சாலைகளுக்காகவும் மத்திய அரசு மானியம் தருகிறது. இவை மாநிலத் திரட்டு நிதியில் சேர்கின்றன. அதிலிருந்து துறைகளின் செலவுக்குப் பணம் எடுக்க, ஷா ஆலாமில் கூடும் 56 உறுப்பினர்கள் கொண்ட சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். கணினிக்கான செலவும் அப்படித்தான்.

சாலை போட்டால் குழி கண்ணுக்குத் தெரியும். கணினி வேலையில் குழி தெரியாது. வாங்கும் விலையோடு செலவு முடிவதுமில்லை. பராமரிப்பு, உரிமக் கட்டணம், பழுது என்று ஆண்டுதோறும் தொடரும். செய்து கொடுத்த நிறுவனத்துக்கு மட்டுமே அதன் உள்விவரம் தெரியும் என்றால், அரசு அந்த நிறுவனத்தை விட்டு விலகவும் முடியாது, விலையைக் குறைக்கச் சொல்லவும் முடியாது. ஆகவே, சோதித்துப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது, மக்களின் விவரங்கள் அரசுக்கே சொந்தம் என்பது, சேவை நின்றால் யார் பொறுப்பு என்பது ஆகியவை ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

இனிக் கண்காணிப்பு. கிராணி எழுதிய செக்குரோலைக் கிராணியே சரிபார்த்தால் போதுமா? வெளியார் ஒருவர் பார்க்க வேண்டும் அல்லவா? அந்த வெளியார்தான் தலைமைக் கணக்காய்வாளர். கூட்டரசு அரசியல் சாசனத்தின் 106வது பிரிவு மாநிலக் கணக்கையும் தணிக்கை செய்ய அவருக்கு அதிகாரம் தருகிறது. 107வது பிரிவின்படி அவருடைய அறிக்கை சுல்தானிடம் சென்று, பின்னர் சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. அரசு உத்தரவாதத்துடன் கடன் பெறும் நிறுவனங்களையும் அவர் பார்க்கும் வகையில், 2024இல் நாடாளுமன்றம் தணிக்கைச் சட்டத்தைத் திருத்தியது.

மூன்றாவது கண் நம்முடையது. சிலாங்கூர் சட்டமன்றம் 2011இல் தகவல் சுதந்திரச் சட்டம் இயற்றியது. மாநிலத் துறைகளிடமும் ஊராட்சி மன்றத்திடமும் உள்ள தகவலைக் கேட்டு நாம் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். எல்லாத் தகவலும் கிடைத்துவிடாது. ஆனாலும் கேட்கும் உரிமை உண்டு.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. மளிகைக் கம்பெனி நம் அடையாள அட்டை எண்ணைக் கசியவிட்டால் அச்சட்டம் பாயும். அரசு அலுவலகத்தின் மீது பாயாது. அதனால்தான் சட்டமன்றத்தின் கண்காணிப்பு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

நேயர்களே, நாம் செய்யக் கூடியவை சில உண்டு. மனு செய்தால் அதன் எண்ணையும் தேதியையும் குறித்து வைப்போம். மனு தடைப்பட்டால் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுப்போம். கைத்தொலைபேசி இல்லாத முதியவர்களுக்கு முகப்புச் சேவை தொடர வேண்டும் என்று கேட்போம். இரகசிய எண்ணை எந்தத் தரகரிடமும் கொடுக்க வேண்டாம். கணினி அரசாங்க அலுவலகத்தில் இருந்தாலும், அதற்குச் செலவாகும் பணம் நம்முடையது. கணக்குக் கேட்பது நம் உரிமை.