பட்டம் பெற்ற பிள்ளைக்கு என்ன பரிசு?

நம் குடும்பங்களில் பிள்ளை பட்டமோ டிப்ளமோ முடித்தால், தங்கக் காசுக்கும் கைக்கடிகாரத்துக்கும் கடன் வாங்க வேண்டியதில்லை. ஐந்நூறு ரூபாய்க்குள் இரண்டு பொருள் சொல்கிறேன்.

முதலாவது, சான்றிதழ்களை மடிக்காமல் வைக்க நல்ல ஃபைல். லாமினேஷன் மட்டும் வேண்டாம். வெளிநாட்டு வேலைக்குச் சான்றொப்பம் பெறும்போது அசலின் மீதே முத்திரையிடுவார்கள். பிளாஸ்டிக் உறைமேல் அது இயலாது. உரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும்.

இரண்டாவது, மு.வரதராசனாரின் திருக்குறள் தெளிவுரை. 1949 முதல் வரும் கையடக்க நூல். 1330 குறளுக்கும் எளிய உரை உண்டு. முதல் பக்கத்தில் தாத்தா, பாட்டி பெயரையும் சொந்த ஊரையும் உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராதா? வாரம் ஒரு குறள் உடன் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். அதற்குச் செலவே இல்லை.