341 கோடி ரூபாய் தீர்ப்பு: அவுட்டர் ரிங் ரோடு சொல்லித்தரும் பிபிபி பாடம்

பூந்தமல்லி பக்கம் வீடு, பட்டாபிராம் டைடல் பார்க்கில் வேலை என்றால், வண்டலூர் - மீஞ்சூர் அவுட்டர் ரிங் ரோடு உங்களுக்குப் புதுசு இல்லை. நசரத்பேட்டையில் ஏறினால் நெமிலிச்சேரி வரை சிக்னல் தொல்லை கிடையாது. நடுவில் கொளப்பஞ்சேரி டோல் மட்டும்தான்.

ஆனால் அந்த ரோட்டைப் போட்டது யாருடைய பணம், அதற்காக அரசு யாருக்கு எப்படிப் பணம் கொடுக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரே ஒரு ஒப்பந்தத்தால் தமிழக அரசு 340.97 கோடி ரூபாய் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்த கதையும் இதே ரோட்டில்தான் இருக்கிறது.

பிபிபி என்றால் என்ன?

அரசு - தனியார் கூட்டு முயற்சி. சாதாரண டெண்டரில் கான்ட்ராக்டர் ரோடு போட்டுக் கொடுத்துப் பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். பிபிபியில் தனியார் நிறுவனமே கடன் வாங்கிக் கட்டி, பல வருஷம் பராமரித்து, கடைசியில் அரசிடம் ஒப்படைக்கும்.

போட்ட பணத்தை எடுக்க முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, நிறுவனமே டோல் வசூலிப்பது. வண்டி குறைந்தால் நஷ்டம் அவர்களுக்கு. இன்னொன்று ஆண்டுத்தொகை முறை, அதாவது 'ஆன்யுட்டி'. எத்தனை வண்டி போனாலும், போகாவிட்டாலும், அரசு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேசிய தொகையைக் கொடுத்துவிடும். டோல் போடும் உரிமை அரசிடமே இருக்கும். வீட்டுக் கடன் இ.எம்.ஐ. மாதிரிதான். வித்தியாசம், இங்கே இ.எம்.ஐ. கட்டுவது நம் வரிப்பணம்.

அவுட்டர் ரிங் ரோட்டில் என்ன நடந்தது?

மொத்தம் சுமார் 62 கி.மீ. நீளம், ஆறு வழிச் சாலை. முதல் கட்டமான வண்டலூர் - நெமிலிச்சேரி 29.65 கி.மீ. பகுதி ஜிஎம்ஆர் குழும நிறுவனத்துக்கு ஆன்யுட்டி முறையில் போனது. 2010 பிப்ரவரியில் ஒப்பந்தம். மொத்தம் 20 வருஷம், அதில் கட்டுமானத்துக்கு இரண்டரை வருஷம். 2014இல் இந்தப் பகுதி திறக்கப்பட்டது. நெமிலிச்சேரி - மீஞ்சூர் இரண்டாம் கட்டம் திறக்க 2021 ஆகிவிட்டது.

இதற்கிடையில், அரசு ஒப்பந்தப்படி செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று நிறுவனம் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2020 ஜனவரியில் தீர்ப்பு: அரசு 340.97 கோடி ரூபாய் தர வேண்டும், வட்டி தனி. அரசு சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2021 நவம்பரில் நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. விவகாரம் அதோடு நிற்காமல் மேல்முறையீட்டுக்கும் போனது.

தப்பு எங்கே நடக்கிறது?

பிபிபி ஒப்பந்தத்தின் உயிரே 'ரிஸ்க் யாருக்கு' என்ற பங்கீடுதான். கட்டுமானச் செலவு எகிறினால் நிறுவனத்தின் தலைவலி. நிலம் கையகப்படுத்துவது, அனுமதி வாங்குவது, மின்கம்பம், குடிநீர்க் குழாயை நகர்த்துவது எல்லாம் பெரும்பாலும் அரசின் பொறுப்பு. இதில் தாமதமானால் அந்தப் பக்கம் இயந்திரமும் ஆட்களும் சும்மா நிற்க, வங்கி வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு அந்த பில் அரசுக்கே வரும்.

இன்னொரு சிக்கல், ஆள் பலம். நிறுவனத்தின் பக்கம் வழக்கறிஞர், நிதி ஆலோசகர் என்று இதையே தொழிலாகச் செய்யும் கூட்டம். அரசின் பக்கம் நல்ல பொறியாளர்தான் இருப்பார். ஆனால் 20 வருஷ நிதிக் கணக்கு போடுவது அவர் படித்த பாடம் இல்லை. பழகுவதற்குள் டிரான்ஸ்ஃபரும் வந்துவிடும்.

அப்போ பயிற்சி உண்டா?

உண்டு. மத்திய நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை, ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி உதவியோடு 2010இல் தேசிய பிபிபி திறன் வளர்ப்புத் திட்டத்தைத் தொடங்கியது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவை சேர்ந்து 'சிபி3பி' என்ற சர்வதேசச் சான்றிதழ் படிப்பையும் கொண்டுவந்தன. திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது, ரிஸ்க்கைப் பிரிப்பது, டெண்டர், கையெழுத்துக்குப் பிந்தைய கண்காணிப்பு என எல்லாமே அதில் பாடம். தமிழ்நாடும் 2012இல் உள்கட்டமைப்பு மேம்பாட்டுச் சட்டம் இயற்றி, அதற்கென ஒரு வாரியத்தை அமைத்தது.

நம்ம ஊரே பாடமான கதை

பிபிபி பற்றிய ஆய்வுகளில் அடிக்கடி வரும் பெயர் ஒன்று, ஆலந்தூர். 1990களின் பிற்பகுதியில் அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. நகராட்சி என்ன செய்தது தெரியுமா? வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் கேட்டது. தெருத் தெருவாகப் போய் விளக்கியதால் மக்கள் நம்பிக் கட்டினார்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி நடத்த ஒப்பந்தம் போடப்பட்டது. தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் உள்ளிட்ட அமைப்புகள் பின்னால் நின்று கணக்கும் ஒப்பந்தமும் தயாரிக்க உதவின. ஒரு சின்ன நகராட்சி தனியாகச் செய்திருக்க முடியாத வேலை அது.

நாம் என்ன கேட்கலாம்?

ஆவடியிலோ அம்பத்தூரிலோ அடுத்த பிபிபி திட்டம் அறிவிக்கப்படும்போது, 'எத்தனை கோடி' என்ற தலைப்புச் செய்தியோடு நிறுத்தாதீர்கள். நிலம் எவ்வளவு சதவீதம் கையில் இருக்கிறது? வண்டி குறைந்தால் நஷ்டம் யாருக்கு? கையெழுத்துக்குப் பிறகு இதைக் கண்காணிக்கப் பயிற்சி பெற்ற ஆள் யார், எத்தனை வருஷம் அந்தப் பதவியில் இருப்பார்? ஒப்பந்த நகலைப் பொதுமக்கள் பார்க்க முடியுமா?

இந்த நாலு கேள்விக்கும் பதில் இல்லாமல் போட்ட கையெழுத்துக்கான வட்டியை, அந்த ரோட்டில் ஒரு தடவைகூடப் போகாதவரும் சேர்ந்துதான் கட்டுகிறார்.